கவுந்தியடிகள் காட்டிய வழி

சமண வரலாற்றைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் மலைகளை நோக்கியே செல்கின்றனர். சித்தன்னவாசல், கழுகுமலை, மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் என அவர்தம் பயணப் பட்டியல் நீளும். குன்று ஒன்றுமில்லாத காரைக்காலில் வாழும் நமக்கு, ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் காண என்ன இருக்கிறது என்று என்னிடம் பயின்ற மாணவர் சிலர் கேட்டதுண்டு. நம் ஊருக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ள பூம்புகாரையே அவர்களுக்கு நான் விடையாகக் கூறுவேன். நடந்து செல்வோர்க்கென ஒரு சமணத் துறவி உரைத்த அறிவுரை அவ்வூரின் எல்லையில்தான் தொடங்குகிறது.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் அது இடம்பெற்றுள்ளது. வைகறையில் புகார் நகரைவிட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். ஒரு காதம் கடப்பதற்குள் கண்ணகியின் அடிகள் நோகின்றன. மதுரை எங்குள்ளது என்று அவள் வினவ, இன்னும் 30 காதம்தான், அருகிலேயே உள்ளது என்று கோவலன் நகைத்துக்கொண்டே கூறுகிறான். அவ்விடத்தில் இருந்த பள்ளியில் தவம் புரிந்த கவுந்தியடிகள், மதுரையில் அறவுரை கேட்கவும் அறிவனை வணங்கவும் விரும்பி அவர்களுடன் புறப்படுகிறார்.

புறப்படுமுன் அவர் வழியின் இயல்பை எடுத்துரைக்கிறார். வெயிலுக்கு அஞ்சிச் சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த சண்பகப்பூக்கள் மூடியிருக்கும். அதற்காகக் கீழே நோக்கி நடந்தால், தாழத் தொங்கும் பலாப்பழம் மோதும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த தோட்டங்களில் பலாக்கொட்டைகள் பரற்கல் போல் உறுத்தும். வயல்வழியே சென்றாலோ, நீர்நாய் கவ்விய வாளைமீன் மலங்கு பிறழும் செறுவில் துள்ளிப் பாயும், கண்ணகி நடுங்கக்கூடும். கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். அறியாமல் அவள் அந்நீரைப் பருகிவிடக்கூடும். களைபறிப்போர் வரப்பில் எறிந்த குவளையில் வண்டுகள் இருக்கும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் கிடக்கும். தளர்ந்த நடையில் அவற்றை மிதித்துவிட்டால் அத்துன்பம் தாங்கவொண்ணாதது. எனினும் சோலையும் வயலுமன்றி வேறு வழியில்லை என்று கூறி, மயிற்பீலி ஏந்தி அவரும் உடன் நடக்கிறார்.

தமக்கு வரும் இடரையும் தம்மால் பிற உயிர்க்கு நேரும் இடரையும் அடிகள் ஒரே மூச்சில் சொல்லுவது எண்ணத்தக்கது. மூவரும் நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் நடக்கவில்லை. மதகில் நீர் பாயும் ஒலியும் உழவரின் பாட்டும் கேட்டு வழிநடை வருத்தத்தை மறந்தனர் என்கிறது காப்பியம்.

அவ்வழியின் தொடக்கத்தை நாம் இன்றும் காணலாம். காலையில் காரைக்காலிலிருந்து புறப்பட்டால், 1620இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பூம்புகாரை அடையலாம். அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம் உள்ளது. அருகிலுள்ள கீழையூரில், 1960களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட பண்டைய செங்கல் படகுத்துறையைக் காணலாம். பின்னர், காவிரி கடலொடு கலக்கும் இடத்திலிருந்து மேற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்து திரும்பலாம். அத்துணைத் தொலைவு செல்ல இயலாதோர்க்கு அரசலாற்றங்கரை உண்டு. காவிரியின் கிளையாகிய அவ்வாறு நம் ஊரிலேயே கடல் சேர்கிறது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும் என்பதால்தான் சமணத் துறவியர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். நாமும் சம்பா அறுவடை முடிந்து வரப்புகள் உலரும் மாசி, பங்குனியில் நடப்பது நன்று.

இதனை நான் பட்டறிவால் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலையில் பேரனை அழைத்துக்கொண்டு திருநள்ளாற்றின் அருகே ஒரு வரப்பில் நடந்தேன். தொலைவில் தெரிந்த கொக்குக் கூட்டத்தைக் காட்டியவாறே கவுந்தியடிகள் உரைத்ததை அவனுக்கு விளக்கிச் சென்றேன். "தாத்தா, கீழே பாருங்க" என்றான் அவன். என் செருப்பின் கீழ் ஒரு நத்தை நொறுங்கிக் கிடந்தது. 'நந்து என்பது நத்தை' என்று 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதிய நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல இயலாமல் நின்றேன். திரும்பும்போது அவனே முன்னால் நடந்தான். நான் அவன் அடிவைத்த இடத்தில் அடிவைத்துச் சென்றேன்.

காதை கற்பிக்கும் நடை அதுவே என்று அன்று உணர்ந்தேன். வண்டியின் சாளரம் வழியே வயல்களைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளை, ஓர் ஓய்வுநாளிலேனும் வரப்பில் இறக்கிவிடுங்கள். அவர்களை முன்னே நடக்க விடுங்கள். அவர்தம் கண்கள் நிலத்திற்கு அருகில் உள்ளன.