கூடி உண்ணும் பச்சைத் தட்டு

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணியடிக்கும் கடிகாரத்துக்கு முன்னால் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடும். முக்காடிட்ட ரெபெக்கா சிலையின் முன்னாலும் ஆள் நிற்காத நேரம் குறைவு. சீனப் பீங்கான்களைப் பார்க்க அவ்வளவு பேர் வருவதில்லை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கனத்த பச்சைத் தட்டுகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். இந்த வகைத் தட்டுகளில் பலவற்றில் படமே கிடையாது. சிலவற்றில் மெருகுக்கு அடியில் ஒரு பூவைக் கீறியிருப்பார்கள், அதுவும் வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் தெரியும். பாசி படிந்த குளத்து நீரின் நிறம். உலகம் இவற்றை செலடான் என்கிறது, தக்காணத்துக்காரர்கள் கோரி என்றார்கள்.

தட்டின் பிறப்பிடம் தென்கிழக்குச் சீனாவில் செஜியாங் மாகாணத்து லாங்சுவான். பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி பதினான்காம் நூற்றாண்டு வரை அந்த மலைச்சரிவுகளில் சூளைகள் ஓயாமல் எரிந்தன. சரிவில் படுத்திருக்கும் நீளமான சூளை அது. டிராகன் சூளை என்று பெயர். கீழ்வாயில் மூட்டிய தீ சரிவேறிப் போகும், வழியில் பக்கத்துளைகள் வழியாக விறகு போடுவார்கள். ஒரே மூட்டத்தில் ஆயிரக்கணக்கான கலங்கள் வேகும்.

அந்தப் பச்சைக்குத் தனிச் சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. மெருகில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு இருக்கும், அவ்வளவுதான். சூளையில் காற்று தாராளமாகப் புழங்கினால் அந்த இரும்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ முடியும். காற்றைக் குறைத்துத் தீயைத் திணறவிட்டால், தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனை மெருகிலிருக்கும் இரும்பிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். அப்போது பிறப்பது பச்சை. 1,300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், உள்ளே எட்டிப் பார்க்க முடியாத இடத்தில், புகையையும் சுவாலையின் நிறத்தையும் வைத்தே இதைக் கணிக்க வேண்டும். தட்டின் அடிப்புறத்தில் மெருகு படாத ஒரு வளையம் செங்காவியாகச் சிவந்திருக்கும். கலத்தைத் தாங்குகாலின் மேல் உட்கார வைப்பதற்காக மெருகைத் துடைத்துவிட்ட இடம் அது. சூளை ஆறும்போது காற்று மறுபடி புகுந்து, வெறும் மண்ணிலிருக்கும் இரும்பைச் சிவக்க வைத்துவிடுகிறது. தட்டின் முகத்தில் ஒரு தீ, முதுகில் இன்னொரு தீ. இந்தச் சுடும் மரபை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

தட்டு ஏன் இவ்வளவு பெரிது? சீனர்கள் உண்டது சிறு கிண்ணங்களில். ஒன்றரைச் சாண் அகலத் தட்டு அவர்கள் வீட்டுக்குத் தேவைப்படவில்லை. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைபோட்டு உண்டார்கள். அந்த வழக்கத்துக்காகவே லாங்சுவான் குயவர்கள் அகலத் தட்டுகளை வனைந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் ஒப்பும் கருத்து. இந்தத் தட்டின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வனைந்தவர் வடிவத்தைத் தான் ஒருவராக முடிவு செய்யவில்லை. எங்கோ கடல் தாண்டி, முகம் பார்த்திராத ஒரு குடும்பம் எப்படி உட்கார்ந்து உண்ணும் என்பதும் அவர் சக்கரத்தின் மேல் இருந்தது.

சுட்ட தட்டுகள் படகேறி ஓவ் ஆற்றின் வழியே வென்சௌ துறைமுகத்துக்கு இறங்கின. சீன அரசுக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. செப்புக் காசும் பொன்னும் கடல் கடந்து போய்க்கொண்டே இருந்ததால், அயல்நாட்டுச் சரக்குக்குப் பட்டும் பீங்கானுமே கொடுக்க வேண்டும் என்று 1219-இல் ஆணையிட்டது. சுவான்சௌ துறைமுகத்தில் அப்போது தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். 1281-இல் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அந்த ஊரைப் பார்த்த இப்னு பதூதா, அங்கத்திய மண்கலங்கள் இந்தியாவுக்கும் அங்கிருந்து தன் சொந்த நாடான மொராக்கோ வரைக்கும் போவதாக எழுதினார். எவ்வளவு போயிற்று என்பதற்கு ஒரே ஒரு கப்பல் சாட்சி போதும். 1323-இல் ஜப்பானுக்குப் போகும் வழியில் கொரியாவின் சினான் கடலோரம் மூழ்கிய மரக்கலத்திலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மண்கலங்களை எடுத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி செலடான்.

தமிழ்க் கரையில் இந்தத் தட்டு இறங்கிய இடங்களில் ஒன்று ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம். 1980-களின் பிற்பகுதியில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு அங்கே அகழாய்வு நடத்தினார். தமிழக வரலாற்றுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அங்கே கிடைத்த சீன ஓடுகளை ஆராய்ந்தார். லாங்சுவான் பச்சை ஓடுகள் அவற்றில் நிறைய. முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவுக்குத் தட்டு வந்தது, முத்தும் மிளகும் துணியும் திரும்பிப் போயின. பக்கத்துக் கீழக்கரையிலும், தெற்கே காயல்பட்டினத்திலும் விருந்தென்றால் இன்றும் சகன் சாப்பாடுதான். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றிச் சில பேர். அதே கரையின் மண்ணுக்கடியில் அகலத் தட்டுகளின் ஓடுகள், மேலே அகலத் தட்டில் விருந்து. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தெலுங்குக் கரையில் மோட்டுப்பள்ளி துறைமுகம் இருந்தது. புயலில் கரையொதுங்கிய கப்பலின் சரக்கை அரசர்களே பறித்துக்கொண்ட காலம் அது. காகதிய மன்னர் கணபதிதேவர் 1244-இல் அங்கே ஒரு கல்தூண் நாட்டி, இனிச் சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று வணிகர்களுக்கு அபயம் கொடுத்தார். உடையும் சரக்கை ஏற்றி வருபவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. பின்னாளில் கோல்கொண்டா சுல்தான்களுக்கு மசூலிப்பட்டினம் கடல்வாசல் ஆயிற்று.

தக்காணத்து அரண்மனைகளில் தட்டுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. நஞ்சு கலந்த உணவை வைத்தால் கோரித் தட்டு நிறம் மாறும், அல்லது விரிசல் விடும் என்று நம்பினார்கள். பாரசீகம், துருக்கி வரை பரவிய நம்பிக்கை இது. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செலடான் கலங்கள் சேர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அறிவியலில் இதற்கு இடமில்லை. இந்த மெருகு சூளையில் உருகி இறுகிய கண்ணாடி. உணவில் கலந்த நஞ்சைக் கண்டு அது நிறம் மாறாது. ஆனால் இந்த நம்பிக்கைதான் தட்டுகளைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. உயிர்காவல் என்று நினைத்ததைப் பூட்டிப் பத்திரமாக வைப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு உலகச் சந்தை நீலப் படம் எழுதிய வெள்ளைப் பீங்கானின் பின்னால் போனது, லாங்சுவான் சூளைகள் மங்கின. ஐதராபாத் நகரம் உருவானது 1591-இல். பதினான்காம் நூற்றாண்டுத் தட்டுகள் அந்த ஊரைவிட மூத்தவை.

ஐதராபாத்தை ஆண்ட நிஜாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், பதவியை விட்டபின் பொருள் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். 1949-இல் வாரிசின்றி இறந்தார். 1951 டிசம்பரில் அவருடைய திவான் தேவடி மாளிகையில் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1968-இல் அது மூசி ஆற்றங்கரைக் கட்டடத்துக்கு மாறியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தட்டு பிழைத்துவிட்டது. ஆனால் அதன் முதுகைத் திருப்பிப் பார்க்க முடியாது, அதில் சோறு விழாது. அதே ஊரில், நிஜாமின் அரபுப் படைவீரர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பார்க்கஸில் மந்தி என்னும் இறைச்சிச் சோறு பரிமாறும் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பெரிய தட்டைச் சுற்றி நண்பர்கள் கைபோட்டு உண்கிறார்கள். தட்டு பெரும்பாலும் எவர்சில்வர்.

செலடானைப் போல உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் கைத்தொழில் இன்று நம் பக்கமும் இருக்கிறது. ஜப்பானில் பிசென் மண்கல மரபில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுட்ட அந்தப் பட்டறையில் பயின்றவர்கள் ஆரோவில்லிலும் பல நகரங்களிலும் பட்டறை வைத்தார்கள். ஐதராபாத் உட்படப் பெருநகரங்களில் இன்று படமில்லாத, அன்றாடம் புழங்கும் கலங்களை வனைபவர்கள் இருக்கிறார்கள். பலரிடம் இருப்பது மின்சூளை. அதில் காற்றைத் திணறடிப்பது கடினம் என்பதால் பழைய பச்சை எளிதில் வராது, அதற்கு விறகோ கேஸோ வேண்டும்.

அவர்கள் கடைகளில் குவளை கிடைக்கும், சிறு கிண்ணம் கிடைக்கும். அகலத் தட்டு அரிது. காரணம் இருக்கிறது. ஈர மண் சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், பெரிய தட்டானால் விளிம்பு கோணும், நடுவில் விரிசல் ஓடும். ஒரு டஜன் குவளை வைக்கும் இடத்தைச் சூளையில் ஒரே தட்டு அடைத்துக்கொள்ளும். கேட்பவர் இல்லாமல் எந்தக் குயவரும் அந்த நட்டத்தை ஏற்கமாட்டார். லாங்சுவானிலும் கேட்டவர்கள் இருந்ததால்தான் வனைந்தார்கள். அதனால் உங்கள் ஊரில் ஸ்டோன்வேர் வனைபவர் யாராவது இருந்தால், அடுத்த முறை குவளையோடு திரும்பிவிடாதீர்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் அளவுக்கு ஒரு தட்டு வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு தட்டு உடைந்து மூன்றாவது தேறினாலும் அதற்குரிய விலையைக் கொடுங்கள். வாங்கியதை அலமாரியில் வைக்காமல் சோறு போட்டுச் சாப்பிடுங்கள்.