எண்ணிக்கை மட்டும் செதுக்கிய கல்

வட ஆற்காட்டுப் பக்கம் பழைய ஊர்ச் சாவடியிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு கல் பதித்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். ஊர் மாறினால் ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மாறும். மற்றபடி வாசகம் ஒன்றுதான். போனவன் பெயரோ செத்தவன் பெயரோ அவன் அப்பன் பெயரோ நான் பார்த்த எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் ஊர்க் கல்லில் போனவர் கணக்கில் ஒருவர் என் தாத்தா. செத்தவர் கணக்கில் ஒருவர் அவருடைய பங்காளி முறை அண்ணன். இருவரும் மதராஸ் சாப்பர் பட்டாளம். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இப்போது இருக்கும் வேலை, மற்றவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பதுதான்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். பண்ணையில் உழைத்துக் கேழ்வரகும் நெல்லும் கூலியாக வாங்கியவனுக்கு, மாதம் பிறந்தால் கையில் காசு என்பதே புது வாழ்க்கை. சாப்பர்களின் தலைமையிடம் பெங்களூர். ரயில் ஏறினால் மறுநாள் போய்விடலாம். அங்கே துப்பாக்கி பிடிப்பதோடு பாலம் கட்டவும், ரோடு போடவும், பதுங்குகுழி வெட்டவும், முள்கம்பி இழுக்கவும் பழக்கினார்கள். பிறகு கப்பலில் ஏற்றி மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆயா கடைசிவரை "உங்க தாத்தா பஸ்ராவுக்குப் போனவரு" என்றுதான் சொல்லுவார்.

டைக்ரிஸ் ஆற்றில் படகுகளை வரிசையாகக் கோத்துப் பாலம் போட்டது அந்தப் பட்டாளத்தின் வேலை. குண்டைவிட வெயிலும் பேதியும் காலராவும் அதிகம் பேரை வாரிக்கொண்ட போர்முனை அது. பாக்தாத்தைப் பிடித்த தளபதி ஜெனரல் மாடே 1917 நவம்பரில் காலராவில்தான் இறந்தார். தளபதிக்கே அந்தக் கதி என்றால் ஆற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்ற சாப்பரின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் கடைநிலை ஆளுக்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் இந்தப் பட்டாளத்தில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகிப் போனார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன்னுடைய இந்த வேற்றுமையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது 2021இல். ஆக, ஊர்க் கல்லில் பெயர் இல்லாததற்குக் கல்லில் இடம் போதாதது காரணம் இல்லை. அன்றைய அரசு இவர்களைப் பார்த்த பார்வையே அப்படி.

நம் வழக்கம் அது கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியின் கல். அவன் பெயர் மட்டுமா? கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவனருகே காவல் நின்ற நாய்க்கும் கோவிவன் என்று பெயர் எழுதி, உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நாயின் பெயரைக் காப்பாற்றிய மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் மனிதனின் பெயரை விட்டுவிட்டார்கள். இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்களை இன்றும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். பட்டாளத்துக் கல்லில் எங்கள் ஊரில் போஸ்டர்தான் ஒட்டினார்கள்.

பெயர் இல்லாததால் இன்னொன்றும் மறைந்துபோனது. மதராஸ் சாப்பர்களில் கணிசமானவர்கள் பறையர்கள். எங்கள் குடும்பமும் சேரிதான். கல் இருப்பதோ ஊர்த்தெருச் சாவடியில். பாக்தாத் வரை போய்வந்த தாத்தா அந்தச் சாவடித் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, உட்கார விடவில்லை. பெயர்களை எழுதியிருந்தால் அவை யார் வீட்டுப் பெயர்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

அவர் பெயர் வெட்டப்பட்ட ஒரே இடம் அவருடைய மெடல். அந்தப் போரின் வெள்ளி மெடலின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பட்டாளமும் இருக்கும். தொழிலாளர் படையில் போனவர்களுக்கு வெண்கலம். வெள்ளி என்பதாலேயே எங்கள் வீட்டு மெடல் ஒரு பஞ்சத்தில் அடகுக் கடைக்குப் போய் மீளவில்லை.

போர் முடிந்ததும் தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை என்ற பழைய வாதம் மறுபடி தலைதூக்கியது. 1928க்குள் மதராஸ் காலாட்படையைக் கலைத்தார்கள். 1933இல் மதராஸ் பயனியர்களையும் கலைத்தார்கள். சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். அடுத்த போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். அந்தப் போரில்தான், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றினார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். போருக்கு லாயக்கில்லை என்றவர்களுக்கு இதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

அவர் பெயர் நிலைத்தது. எங்கள் ஊர்க்காரர்களின் பெயரையும் மீட்க வழி இருக்கிறது. ஆணையத்தின் பதிவேடு இப்போது கணினியில் யாரும் தேடும்படி கிடைக்கிறது. இறந்தவரின் எண், பட்டாளம், நாள் எல்லாம் அதில் உண்டு. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும்கூட இருக்கின்றன. ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான்; வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். அப்படித்தான் தாத்தாவின் பங்காளி அண்ணனைக் கண்டுபிடித்தேன். உயிரோடு திரும்பியவர்களுக்குப் பழைய பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் காகிதம், மெடல் விளிம்பு, வீட்டுக் கிழவிகளின் நினைவு இவைதான் ஆதாரம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கல் இருந்தால் முதலில் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள். பெயர்களைத் தேடித் திரட்டுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் வைத்து, பழைய கல்லுக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு, தமிழில் ஒரு கல் நடுங்கள்.