பட்டறைதான், ஆனா ஃபேக்டரி இல்லை

தேனியிலோ ஆண்டிபட்டியிலோ இருக்கிற அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுப் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்க. லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர், பக்கத்து ஷெட்டில் வெல்டிங். கையை வெட்டுறதுக்கும் கண்ணில் பொறி தெறிக்கிறதுக்கும் ஒரு ஃபேக்டரியில் என்னென்ன உண்டோ எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனா சட்டத்தின் கணக்கில் இது ஃபேக்டரி கிடையாது. ஏன்னு தேடிப் போனால் 1881 வரைக்கும் போக வேண்டியிருக்கு.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. மெஷின் சக்தியில் ஓடணும், 100 பேராவது வேலை செய்யணும், அப்பத்தான் அது ஃபேக்டரி. ஏழு வயசு நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. அன்னைக்கு அதுவே பெரிய சீர்திருத்தம்! 1891இல் 100 என்பது 50 ஆனது. 1922இல் 20. நாடு விடுதலை ஆன பிறகு வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை 10க்குக் கொண்டு வந்தது. மின்சாரம் இல்லாத இடம்னா 20.

இந்த எண் இறங்க இறங்க, சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் வந்தன. ஆனா எண்ணப்பட்டது யார்? தொழிலாளி மட்டும். 1948 சட்டம் தொழிலாளி என்பதை நல்லா அகலமாத்தான் வரையறுத்தது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் தொழிலாளிதான். ஒரே ஒரு நிபந்தனை, அவர் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கணும். ஐடிஐ பையன் படிக்க வந்தவன். ஒரு ஷெட்டில் அறுபது பேர் நின்னு இரும்பு ராவினாலும் சட்டம் எண்ணும்போது அவர்கள் பூஜ்யம்.

ஐடிஐக்களின் வேரும் கிட்டத்தட்ட அதே காலம்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தர 1945இல் ஒரு மத்திய இயக்ககம் உண்டாச்சு. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1956இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்தது. ஒரு பக்கம் தொழிற்சாலை ஆய்வாளர், இன்னொரு பக்கம் பயிற்சித் துறை. ரெண்டும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடின.

இரண்டும் சந்தித்த இடம் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம். அதுக்கு முன்னாடி இருந்தது 1850ஆம் ஆண்டுச் சட்டம். அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு தொழில் முதலாளியிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்கிறதுக்கான ஏற்பாடு அது. 1961 சட்டம் வேறு மாதிரி யோசித்தது. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்று 18ஆம் பிரிவு சொல்லுது. ஆனா அதுக்கு முன்னாடியே 14ஆம் பிரிவு, ஃபேக்டரிக்குள் பயிற்சி பெறுகிறவருக்கு சுகாதாரம், பாதுகாப்பு, நலன் பற்றிய அத்தியாயங்கள் தொழிலாளிக்குப் பொருந்துகிற மாதிரியே பொருந்தும்னு சொல்லிடுது. அடிபட்டால் இழப்பீட்டுக்கு 16ஆம் பிரிவு. எனக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தெரியுது. பெயரை மறுத்துவிட்டுப் பாதுகாப்பைக் கொடுத்திருக்காங்க.

இப்ப நம்ம பையனைப் பாருங்க. ஐடிஐ முடிச்சு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பு ஆலையில் அப்ரண்டிஸாச் சேர்ந்தால், 1948 சட்டம் நடப்பில் இருந்தவரை, சுழலும் பாகங்களுக்கு மூடி போடணும் என்ற அதன் 21ஆம் பிரிவு அவனுக்கு இருந்தது. 18 வயசு ஆகாதவனை, போதிய பயிற்சியோ தக்க மேற்பார்வையோ இல்லாமல் ஆபத்தான மெஷினில் விடக்கூடாது என்ற 23ஆம் பிரிவும் இருந்தது. அதே பையன் முந்தின மாசம் வரை ஐடிஐயில் அதே வகை மெஷினில் நின்னான். அங்கே இந்தப் பிரிவுகள் எதுவும் இல்லை. ஐடிஐயில் 14 வயசிலேயே சேரலாம் என்பதையும் சேர்த்து யோசிங்க.

அப்ப பாதுகாப்பே சொல்லித் தரலையான்னு கேட்டால், தர்றாங்க. ஃபிட்டர் சிலபஸின் முதல் பாடமே பாதுகாப்பும் முதலுதவியும்தான். ஆனா சிலபஸ் பையனைக் கேள்வி கேட்கும், சட்டம் நிர்வாகத்தைக் கேட்கும். கண்ணாடி ஏன் போடணும்னு தேர்வில் எழுதி மார்க் வாங்கிடலாம். பட்டறையில் எத்தனை கண்ணாடி இருக்குன்னு தொழிற்சாலை ஆய்வாளர் வந்து எண்ண மாட்டார். பிரிட்டன் 1974இல் கொண்டுவந்த சட்டம் இந்த முடிச்சை வேறு விதமா அவிழ்த்தது. தன்னிடம் வேலை செய்யாதவர்களின் பாதுகாப்புக்கும் வேலை நடத்துகிறவரே பொறுப்புன்னு அது சொல்லிடுச்சு.

கம்பம் பள்ளத்தாக்கில் இதுக்கு இன்னொரு கிளை இருக்கு. இங்கே படிச்சு வர்றவங்க எல்லாரும் ஆலைக்குப் போறதில்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு ஊருக்கு ஊர் மோட்டார் காயில் கட்டுற கடை, வெல்டிங் பட்டறை, டிராக்டர் ரிப்பேர். மூணு பேர், நாலு பேர் வேலை. அதுவும் ஃபேக்டரி இல்லை. சட்டத்துக்கு வெளியே கத்துக்கிட்டு, சட்டத்துக்கு வெளியேயே வேலைக்குப் போறான். மாநில அரசு நினைத்தால் பத்துப் பேருக்குக் குறைவான இடத்தையும் அறிவிக்கை மூலம் ஃபேக்டரியாக்க 1948 சட்டத்தின் 85ஆம் பிரிவு வழி வைத்திருந்தது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை மறுபடி ஏற்றிவிட்டது. மின்சாரம் இருந்தால் 20, இல்லாவிட்டால் 40. பத்துப் பேர் உள்ள இடம் ‘நிறுவனம்’ என்ற பெயரில் உள்ளே இருக்கு, ஃபேக்டரிக்கான தனி விதிகள் அதுக்கு இல்லை. 1881இலிருந்து இறங்கிக்கொண்டே வந்த கணக்கு, 1922இல் நின்ற இடத்துக்கே திரும்பியிருக்கு. ஐடிஐ பையன் அந்தக் கணக்கில் இன்னும் பூஜ்யம்தான்.