சஃபாரிக்குப் புறப்படுமுன் ஊசியை மறக்க வேண்டாம்

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகிறவர்கள் கேமராவுக்கும் காலணிக்கும் நிறைய யோசிக்கிறார்கள். ஆனால், சிக்கல் காத்திருப்பது திரும்பி வந்து இறங்கும் விமான நிலையத்தில்.

மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளில் கென்யாவும் ஒன்று. அங்கிருந்து வருவோரிடம் மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கின்றன. இல்லாதவர் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இது மஞ்சள் காமாலை ஊசி அல்ல. 'ஹெபடைடிஸ் ஊசி போட்டாயிற்றே' என்று இருந்துவிடக் கூடாது. மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் செல்வோருக்குக் கைப்பையையும் சேர்த்துப் பெரும்பாலும் 15 கிலோதான். சக்கரப் பெட்டியை விட்டுவிட்டு, மடங்கும் துணிப்பை எடுத்துச் செல்லலாம். பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017இல் தடை செய்துவிட்டது. முறுக்கு கொண்டுபோவோர் டப்பாவில் போடட்டும்.

மாரா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனால், விடியற்காலையில் திறந்த வண்டியில் நடுங்க வேண்டியதுதான். ஜாக்கெட் அவசியம். நீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை ஈர்க்கும், காக்கி நல்லது.

வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. அதைப் பார்க்க ஜூலையில் கிளம்புவோர் ஜூன் தொடக்கத்திலேயே ஊசியை முடித்துக்கொள்ளலாம்.