கண்ணாடித் தொட்டியில் கடல்

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலில் கடல் புகும் தாமிரபரணியின் கரையில் வாழும் நமக்குக் கடல் அயலன்று. 1986 வரையில் தூத்துக்குடியும் நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. ஆயினும் நம் ஆற்றின் கழிமுகத்தில் பவளப்பாறை வளர்வதில்லை. ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் பவள உயிருக்கு ஆகா. தூத்துக்குடியை அடுத்துத் தொடங்கி வடக்கே இராமேசுவரம் வரையில் வரிசையாகக் கிடக்கும் தீவுகளைச் சுற்றியே அது வளர்ந்திருக்கிறது. அப்பாறையையும் அதனிடத்து வாழும் மீன்களையும் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துப் பார்க்கும் ஆவல் இன்று நம் நகரங்களிலும் பரவி வருகிறது. எத்தகைய தொட்டியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்போர், அதன் பழங்கதையையும் சிறிது கேட்டுவிட்டுத் தேர்வது நலம்.

1846-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டின் டார்க்கி கடற்கரையிலிருந்து ஆன்னா தைன் என்னும் அம்மையார் கல்பவளங்கள் சிலவற்றை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். அவற்றை உயிரோடு காக்க அவர் கண்ட வழி எளியது. திறந்த சாளரத்தின் அருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் தேநீர்க் கடைகளில் ஆற்றுவதைப் போன்றதே அது! நீரிற் காற்றுக் கலந்தது, பவளம் பிழைத்தது. ஊற்றிய கை பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்ணின் கை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன் மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் எழுதிய நூலால் வீடுதோறும் தொட்டி வைக்கும் மோகம் அந்நாட்டிற் பரவியது.

நம் நாட்டிற்கு அவ்வழக்கத்தைக் கொணர்ந்தவர்களுள் ஒருவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த அவர், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, பிற கடலுயிர்கள் ஆகியவற்றைப் பற்றி 1890-இல் நூல் வெளியிட்டவர். அவருடைய முயற்சியால் சென்னைக் கடற்கரையில் எழுந்த கடல்மீன் காட்சிச்சாலை 1909-இல் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டுப் போயிற்று.

இதற்கெல்லாம் முன்பே நம் பகுதிக்காரர் பவளத்தை வீட்டிற்குள் கொண்டுவந்திருந்தனர். ஆனால் தொட்டியில் அன்று, சுவரில்! முருகைக்கல் என்று நாம் வழங்கும் அக்கல்லை வெட்டியெடுத்துக் கட்டடத்திற்குப் பயன்படுத்தினர். காளவாயிலிட்டுச் சுண்ணாம்பாகவும் சுட்டனர். பல்லாண்டுகள் நடந்த இவ்வேலையின் விளைவு என்ன? தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு நீருள் அமிழ்ந்தது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் அவ்வாறே மறைந்தது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் மணல்தீவு எதைக்கொண்டு நிற்கும்? 1986-இல் அத்தீவுகள் இருபத்தொன்றும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எனினும் பாறை வெட்டுதல் 2005-ஆம் ஆண்டு வாக்கிலேதான் ஓய்ந்தது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காவலே பவளத்திற்கும் உண்டு.

இங்கேதான் தேர்வின் சிக்கல் எழுகிறது. 1961-இல் சகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிருள்ள பாறையை எடுத்துத் தொட்டியிலிட்டுக் காற்றுக் குமிழி மட்டும் விட்டால் போதும், பவளம் வாழும் என்று எழுதினார். அம்முறை உண்மையிலேயே சிறந்தது. அப்பாறையிலுள்ள நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கூடைப் பாறை எடுப்பதாயின், காளவாய்க்காரர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குவதாகும். ஆகவே உயிர்ப்பவளம் வேண்டாம். கரையொதுங்கிய பவளமும் வேண்டாம். அழகுக்குச் செயற்கைப் பாறை போதும்.

மீனிலும் கருத்து வேண்டும். 1960-களில் பிலிப்பைன்சுத் தீவுகளிற் சயனைடு நஞ்சைத் தூவி அழகுமீன் பிடிக்கும் கொடுவழக்கம் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியது. மயங்கிய மீன் அகப்படும். பக்கத்துப் பவளம் மடியும். ஆதலால் பொரிப்பகத்தில் பிறந்த மீனா என்று விற்பவரிடம் கேளுங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தார் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றனர். செம்மஞ்சள் நிறமும் வெண்பட்டையும் கொண்ட அம்மீன் தொட்டி வாழ்வுக்கு நன்கு பழகும். கடற்சாமந்தி இல்லாமலும் இருக்கும்.

தொட்டி சிறிதாயின் பராமரிப்பு எளிது என்று எண்ணுவது தவறு. சிறு தொட்டியில் வெப்பமும் உவர்ப்பும் விரைந்து மாறும். இருநூறு லிட்டர் தொட்டி தொடங்குவோர்க்கு ஏற்றது. ஆனால் நீர் மட்டுமே இருநூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும், மேசை உறுதியாக இருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. உப்பு விளையும்போது மக்னீசியம் முதலியன கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையையே, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம், குளோரின் நீக்கிய நீரிற் கரைக்க வேண்டும். வற்றிய நீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுக, உப்பு வற்றுவதில்லை. நம் சித்திரை வெயிலில் நீரின் வெப்பம் முப்பது பாகைக்கு மேல் ஏறும். குளிர்விக்கும் பொறிக்குச் செலவிட இயலாதவர், விசிறிக் காற்று நீர்ப்பரப்பிற் படும்படி அமைத்து ஓரளவு தணிக்கலாம்.

நீர் நிரப்பிய அன்றே மீனை விடற்க. மீன் கழிவில் தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னரே தொட்டியில் சிறிதளவு அம்மோனியா இட்டு வைக்க வேண்டும். இல்லையேல் அவற்றுக்கு உணவு இராது. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று கண்ட பிறகு, ஓரிணைக் கோமாளி மீனை முதலில் விடுங்கள்.