மோயாற்றுப் பாறுகளும் ஒரு மருந்துக் குப்பியும்

எருத்தேன்பதியில் என் அப்பிச்சியின் காலத்தில், மாடு செத்தால் புதைக்கும் வழக்கம் இல்லை. ஊருக்குக் கிழக்கே பனைகள் நின்ற தரிசில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். தோலை உரித்தெடுத்த பின், மிச்சத்தைப் பிணந்தின்னிக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். காலையில் போட்ட எருது பொழுது சாய்வதற்குள் எலும்புக்கூடாகிவிடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தரிசு இன்று தென்னந்தோப்பு. அங்கு நான் ஒருநாளும் ஒரு கழுகைக்கூடக் கண்டதில்லை. (ஊர்ப்பெயரைக் கேட்டதும் எருது நினைவுக்கு வருகிறது, பெயராய்ச்சியை மொழியியல் நண்பர்களிடமே விட்டுவிடுகிறேன்.)

அதே கழுகுகள் இன்றும் கூடு கட்டும் இடமொன்று, எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. வடக்கே, நீலகிரியின் வடசரிவுக்கு அப்பால், மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அவை அங்கு எப்படித் தப்பின, தப்பியதில் பாதுகாப்புச் சட்டங்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியோடு சில மாதங்களாகப் பழைய ஆவணங்களைப் புரட்டி வருகிறேன். அவற்றிலிருந்து எழுந்த எண்ணங்களே இப்பதிவு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோயாற்றைச் சுற்றி வரைந்த எல்லைகள் பலவும் வேறு காரணங்களுக்காக வரையப்பட்டவை, இப்பறவைகளின் வாழ்வைத் தீர்மானித்த சட்டமோ காட்டுக்கு வெளியே, கால்நடை மருந்துக் கடையில் நடைமுறைக்கு வரவேண்டிய ஒன்று.

முதலில் பெயர். 'பிணந்தின்னி' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. பாறு, எருவை என்னும் பெயர்கள் சங்க இலக்கியத்திலேயே உள்ளன. அவற்றுள் 'பாறு' என்பதைக் கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பினர் அண்மைக் காலத்தில் மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நால்வகை மோயாற்றுப் பகுதியில் காணப்படுகின்றன. ஒரு சொல்லை மீட்டதும் பாதுகாப்பு வரலாற்றின் பகுதியே என்று கருதுவதால், நானும் அதையே ஆள்கிறேன்.

மாயாறு என்றும் வழங்கும் மோயாறு, தெப்பக்காட்டுக்குக் கீழே ஓரிடத்தில் நிலத்தைப் பிளந்துகொண்டு ஆழமான கெவியில் இறங்குகிறது. வடகரையில் மைசூர்ப் பீடபூமி, தென்கரையில் சீகூர்ப் பீடபூமி. ஆங்கிலேயர் இப்பிளவை 'மைசூர் டிட்ச்', அதாவது மைசூர் அகழி என்றனர். பெயரே அவர்களுடைய பார்வையைக் காட்டிவிடுகிறது: அவர்களுக்கு இது ஒரு எல்லை. மதராஸ் மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே கோடு கிழிக்க இயற்கையே அகழி வெட்டிக் கொடுத்திருந்தது. 1821-22இல் நீலகிரியை அளந்த கேப்டன் வார்டின் நில அளவைக் காலம் முதலாக இப்பகுதி ஆட்சியாளரின் ஆவணங்களில் இடம்பெறுகிறது. அவர்களின் அக்கறை வழி, வரி, எல்லை, மரம் ஆகியவற்றோடு நின்றது.

மரத்தின் கதை கொஞ்சம் நீளமானது. முதுமலைக் காடு நிலம்பூர்த் திருமுல்பாட்டுக்கு உரியதாயிருந்தது. தேக்குக்காக அதை அரசு 1857இல் குத்தகைக்கு எடுத்தது. 1940இல் அதன் ஒரு பகுதி, ஏறத்தாழ 60 சதுர கி.மீ., வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகம். கிழக்கே சத்தியமங்கலம் 2008இல் சரணாலயமாகி, 2013இல் புலிகள் காப்பகமானது. இதற்கிடையே சிங்காராவில் 1932இல் பைக்காரா மின்நிலையமும், 1950களில் மோயாறு மின்நிலையமும் வந்தன. மோயாறும் பவானியும் கூடுமிடத்தில் இருந்த டணாயக்கன் கோட்டை பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிற்று. தேக்கு, மின்சாரம், பாசனம், புலி என ஒவ்வொரு தலைமுறையும் இந்த ஆற்றிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறது. இந்தப் பட்டியலில் எங்கும் பாறு இல்லை.

சட்டங்களிலும் இல்லை. 1879இன் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்காரர்களால், வேட்டைக்காரர்களுக்காகக் கேட்டுப் பெற்ற சட்டம். இரண்டாண்டுகளுக்கு முன் தோன்றியிருந்த நீலகிரி வேட்டைச் சங்கமே அதன் பின்னணி. சுடத் தகுந்தவை அழிந்துவிடக் கூடாது என்பதே கவலை. சுடுவதற்கும் தகாதது எனக் கருதப்பட்ட கழுகு அந்தக் கவலைக்குள் வரவில்லை. 1912இன் காட்டுப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய அதே மனப்பாங்கில் எழுந்தது: உண்ணத்தகும் பறவைகள், இறகுக்காகக் கொல்லப்பட்டவை, அவ்வளவே. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் மிகக் கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கு 2002இல்தான் உயர்ந்தன. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

எவ்வளவு கடந்துவிட்டது என்பதற்கு மோயாற்றை விட்டுச் சற்று வடக்கே போகவேண்டும். இராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா நாட்டிலேயே நன்கு காக்கப்பட்ட பறவை வாழிடங்களுள் ஒன்று. 1985 முதல் உலக மரபுடைமைத் தலம். அங்கு 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின் 353 கூடுகளை விபு பிரகாஷ் எண்ணினார். 1996இல் அவை 150ஆகக் குறைந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலி இருந்தது, காவலர் இருந்தனர், மரங்கள் நின்றன, எவரும் கூட்டைக் கலைக்கவில்லை. 1992 முதல் 2007 வரையிலான பதினைந்தாண்டுகளில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கெடுப்புகள் காட்டின.

காரணம் 2004இல் வெளிவந்தது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், இறந்த பாறுகளின் உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருப்பதையும், சிறுநீரகங்கள் செயலிழந்திருப்பதையும், அதற்குக் காரணம் மாடுகளுக்கு வலிநீக்கியாகப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்பதையும் 'நேச்சர்' இதழில் நிறுவினர். ஊசி போட்ட சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்றால் பாறு இறந்துவிடும். எல்லாச் சடலங்களிலும் நஞ்சு இருக்கவேண்டியதில்லை. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் இருந்தாலே, கண்ட வீழ்ச்சியை விளக்கப் போதுமானது என்று கணித மாதிரிகள் காட்டின. ஒரு சடலத்தில் பல பத்துப் பறவைகள் ஒன்றாய் உண்ணும் இனத்துக்கு, கூடி உண்ணும் வழக்கமே வினையாயிற்று.

பரத்பூரை இழந்த அதே காலத்தில் மோயாறு ஏன் முழுதும் இழக்கப்படவில்லை? என் ஊகம் இது: ஊகம் என்றே கொள்க. இங்கு பாறுகளின் உணவில் காட்டுச் சடலங்களின் பங்கு பெரிது. புலியும் சிறுத்தையும் செந்நாயும் விட்டுச்சென்ற கடமான், புள்ளிமான், காட்டெருது ஆகியவற்றின் உடலில் மருந்து இல்லை. சீகூரின் பட்டி மாடுகள் பெரும்பாலும் நாட்டு மாடுகள். பால் வணிகத்துக்காக வளர்க்கப்படும் கலப்பின மாட்டுக்குப் போடுமளவுக்கு ஊசி அவற்றுக்குப் போடப்பட்டிருக்க வாய்ப்பில்லை. புலிக்காகக் காத்த காடு, எவரும் எண்ணிப் பாராமலே, பாறுக்கு நஞ்சில்லாத பந்தி வைத்திருக்கிறது.

இரைகொல்லிப் பறவைகளுக்காக எல்லை வரைந்த நாடுகளின் அனுபவம் இங்கு ஒப்பிடத் தக்கது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றுக் கெவியில், பாறைமுகட்டில் கூடு கட்டும் வல்லூறுகளுக்காக 1971இல் ஆற்றையொட்டிய பகுதி மட்டும் ஒதுக்கப்பட்டது. பறவைகள் கூட்டிலிருந்து எவ்வளவு தொலைவு போய் இரை பிடிக்கின்றன என்று ஆராய்ந்த பின் 1980இல் எல்லை பீடபூமிச் சமவெளிக்கும் விரிந்தது. 1993இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமே இயற்றி, 4,80,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக்கியது. கூட்டைக் காப்பதென்றால் இரைநிலத்தையும் காப்பது என்று உணர்ந்து எல்லையை நகர்த்தினார்கள். பாறின் இரைநிலத்தையோ அப்படி வளைக்க முடியாது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதந்து செல்லக்கூடிய பறவை அது. மோயாற்றில் விடியும் அதன் நாள், காற்று வாய்த்தால், எங்கள் சித்தூர் வட்டத்தின் மேல் உச்சிப்பொழுதை அடையலாம். இடைப்பட்ட ஒவ்வொரு தொழுவமும் அதன் இரைநிலம்.

ஆகவே எல்லைக்கோட்டுக்கு மாற்றாக வந்தது மருந்துத் தடை. கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் உற்பத்தியை நிறுத்த 2006இல் அரசு ஆணையிட்டது. 2008இல் அரசிதழ் அறிவிப்பு வந்தது. ஆனால் மனிதருக்கான அதே மருந்து 30 மி.லி. குப்பியில் கடைகளில் கிடைத்தது. ஒரு மனிதனுக்கு ஒருவேளைக்கு 3 மி.லி. போதும், 30 மி.லி. குப்பி ஒரு மாட்டுக்கு அளவாக இருந்தது. தடையைச் சட்டம் எழுதியது, விலக்கைக் குப்பி எழுதியது. 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மி.லி. ஒற்றைவேளைக் குப்பியில் மட்டுமே விற்கவேண்டும் என அரசு அறிவித்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அக்கட்டுப்பாட்டை உறுதி செய்தது. மோயாற்றுக் கூடுகளுக்கு ஆதரவாக அளிக்கப்பட்ட மிக முக்கியமான தீர்ப்பு எது என்று என்னைக் கேட்டால், ஆறு, காடு, புலி எதுவும் வழக்குப்பொருளாக இல்லாத இத்தீர்ப்பையே சொல்வேன். பின்னர் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவை 2023இலும், நிமசுலைடு 2024 டிசம்பரிலும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்று டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு வந்த அதே நஞ்சு. மாற்று மருந்தான மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது 2006 முதலே தெரியும்.

இதனால் கூட்டுக்காவல் வீண் என்று சொல்ல வரவில்லை. வெண்முதுகுப் பாறு இங்கு ஓடைக்கரை நீர்மத்தி மரங்களில் கூடு வைக்கிறது. கருங்கழுத்துப் பாறு பாறைமுகடுகளில். ஆண்டுக்கு ஒரே முட்டை. ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாத்து, பின் மூன்று மாதம் குஞ்சை வளர்த்து, அது பறக்கும்போது கோடை வந்துவிடும். அந்தக் குஞ்சு தானே கூடு கட்ட இன்னும் ஐந்தாண்டு ஆகும். இந்தக் கணக்கில் ஒரு காட்டுத்தீயோ, கரையோரம் சாய்ந்த ஒரு பழைய மத்தி மரமோ, கூட்டுக்கு அடியில் ஒளிப்படக் கருவியோடு முகாமிடும் ஒரு கூட்டமோ பெரிய இழப்பு. எண்ணிக்கை பெருகாத இனத்தில் ஒவ்வொரு கூடும் கணக்கில் வருகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலைத் தடுத்து 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அதே மாதத்தில் அத்தடை சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. காட்டுத் தாவரங்களுக்கு அது நல்லதாயிருக்கலாம். பாறுக்கு? சீகூரில் பட்டி மாடு இறந்தால் அது உணவு. அதே மாட்டைப் புலி அடித்து, உடைமையாளர் சினத்தில் சடலத்தில் நஞ்சு வைத்தால் அது படுகொலை. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பகுதியில் நஞ்சிட்ட மாட்டைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன. அதே நஞ்சு பாறையும் விடாது. மாட்டுக்காரருக்கு இழப்பீடு எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பது பறவைப் பாதுகாப்பின் கேள்வி என்று நம் துறைகளில் இன்னும் யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. இருளர் உள்ளிட்ட பழங்குடியினரும் பட்டிக்காரர்களும் வரலாற்றின் ஓரத்தில் 'இடையூறு' என்ற சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். பாறின் நோக்கில் அவர்கள் பந்தி வைப்பவர்கள்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாயின. பத்து மாதத்தில் ஓரினம் இப்படிப் பெருகாது, ஒற்றை முட்டைக் கணக்கை நினைத்துக்கொள்க. பருவமும் கண்காணிப்பு இடங்களும் மாறியதன் பங்கு அதில் உண்டு. எண்ணைக் கொண்டாடுவதைவிட, மூன்று மாநில வனத்துறைகள் ஒரே நாளில் வானத்தைப் பார்த்தன என்பதே எனக்குச் செய்தி.

மீண்டும் எங்கள் எல்லைக்கு வருகிறேன். சித்தூர் வட்டம் ஒருகாலத்தில் கொச்சி அரசுக்கு உரியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி சூழ்ந்த தனித்தீவு. அதனால் இங்குள்ள ஊராவணங்கள் எர்ணாகுளத்திலும், கோழிக்கோட்டிலும், சென்னையிலும் சிதறிக் கிடக்கின்றன. செத்த மாட்டின் தோலையும் எலும்பையும் எடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, சடலத்தை எங்கே போடுவது என்ற வழக்குகள், கால்நடை மருந்தக இருப்புப் பதிவேடுகள், பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிச் சென்றவர்களின் கணக்குகள்: இவற்றில் பாறு என்ற சொல் ஒருமுறைகூட வராமல் போகலாம். ஆயினும் அது எப்போது எங்கள் வானிலிருந்து மறைந்தது என்பதைக் கணிக்க இவையே சான்று. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தில் 1970 முதல் 1995 வரையிலான இத்தகைய பதிவேடு எதையேனும் கண்டவர்கள், அல்லது சடலம் போடும் தரிசு இருந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களை அறிந்தவர்கள், எனக்கு எழுதுங்கள். அப்பிச்சி காட்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டேன். இதுவரை அந்த ஒரு புள்ளிதான் இருக்கிறது.