கொடைக்கானல் பாதரசம்: மண்ணை அளப்பது யார்?

2003 மே மாதம் நம்ம தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்து வித்தியாசமான ஒரு சரக்கு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. உப்பும் இல்லை, கருவாடும் இல்லை. சுமார் 290 டன் பாதரசக் கழிவு! பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். இது எப்படித் திரும்பிப் போனது?

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களில் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் இறக்குமதி, தெர்மாமீட்டர் ஏற்றுமதி. நடுவில் சிந்தியது மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை வெளியே கொண்டு வந்தது அதிகாரிகள் அல்ல. ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும்தான். அதே மாதம் ஆலை நின்றது. மக்கள் விடாமல் கேட்டதால்தான் கழிவும் கப்பல் ஏறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-ல்தான் உடன்பாடு வந்தது.

ஆனால் ஆலை மண்ணில் ஊறிய பாதரசம்? கண்காணிக்க உள்ளூர்க் குழு வந்தது. சண்டை ஒரு எண்ணில் வந்து நின்றது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். பக்கத்திலேயே பாம்பார் சோலை இருக்கிறது, இது போதாது, பிரிட்டனில் இதைவிடக் கடுமை என்றார்கள் போராடியவர்கள். இந்த இடத்தை ஆய்வு செய்து வைத்த அளவு, போதும் என்றது நிறுவனம்.

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தெரிவது இதுதான். அந்த எண் குறையக் குறைய, தோண்ட வேண்டிய மண் கூடும், செலவும் கூடும். அதனால் அது வெறும் அறிவியல் எண் இல்லை. கம்பெனி மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு ஊர் விலை கொடுக்கிறது. விலை கொடுப்பவனுக்குக் கணக்குப் பார்க்க உரிமை வேண்டாமா?

"படிக்காத ஜனங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் கடலூரைப் பார்க்கட்டும். அங்கே 2004-ல் சிப்காட் பகுதி கிராமத்தினர் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்து, நாற்றம் அடித்த நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நாறும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தானே தெரியும்!

நம்ம மாவட்டத்திலும் 2018-ல் 13 உயிர்கள் போன பிறகுதான் ஸ்டெர்லைட் மூடப்பட்டது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025-ல் தனி விதிகள் கொண்டு வந்திருக்கிறது. ஆலை மூடியதோடு வேலை முடிவதில்லை என்பதுதான் கொடைக்கானல் பாடம். மண்ணையும் கிணற்றையும் சோதிக்கும் நாளில் ஊர்க்காரர்களும் கூட நிற்க வேண்டும். எங்கே தோண்டுவது, எந்த அளவு போதும் என்று முடிவாவதற்கு முன்பே அவர்களைக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு காட்டும் அறிக்கையால் யாருக்கு என்ன லாபம்?